திருக்காவலூர் வழிநடை

தெய்வத்தை நாடிக் கால்நடையாய்ச் செல்லும் வழக்கம் ஒரு நாட்டார்க்கோ ஒரு சமயத்தார்க்கோ மட்டும் உரியதன்று. பண்டை யூதர் பாஸ்காத் திருநாளுக்கு எருசலேமை நோக்கி நடந்தனர். இசுலாமியர் மக்காவை நாடுகின்றனர். ஐரோப்பியக் கத்தோலிக்கர், சந்தியாகு அப்போஸ்தலரின் கல்லறை உள்ளதென நம்பப்படும் கொம்போஸ்தெலா நகருக்குப் பன்னூறாண்டுகளாக நடந்துவருகின்றனர். நம் தமிழகத்திலோ, தைப்பூசத்துக்குப் பழநியை நோக்கி நடப்போரும், செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவுக்கு வேளாங்கண்ணியை நோக்கி நடப்போரும் சாலைதோறும் காணப்படுவர். ஆயினும், நம்முள் கற்றவர் சிலர் இதனைக் கண்டு நகைக்கின்றனர். “பேருந்து சிறுபொழுதிற் கொண்டுசேர்க்கும் இடத்துக்கு ஒரு பகல் முழுதும் நடந்து காலைப் புண்ணாக்கிக்கொள்வது அறிவுடைமையாகுமா?” என்பது அவர்கள் வினா. வினா நியாயமானதே. அதற்கு விடை கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். விடையை நூலகத்திலிருந்து தேடாமல், தவக்காலத்தில் பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூரார் ஏறத்தாழ நாற்பது பேருடன் ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்துக்கு யான் நடந்த வழிநடையின் இறுதி நாளிலிருந்தே தேடப் புகுகின்றேன்.

1. நிலம்

முதலில் வழியை உரைப்போம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அரியலூரினின்று தெற்கே தஞ்சைச் சாலையிற் சென்றால் கீழப்பழுவூர், அதன்பின் திருமானூர், திருமானூரை அடுத்துக் கொள்ளிடம். ஆற்றைக் கடவாமல், அதன் வடகரையோடு கிழக்கே திரும்பினால் ஏலாக்குறிச்சி. இந்நிலப்பகுதி முழுவதும் முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-இல் தனியே பிரிந்து, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாய் நிலைபெற்றது. கோட்டைகள் இங்ஙனம் மாறினும், நடப்பவன் காலுக்குத் தெரியும் எல்லைகள் வேறு. பெரம்பலூர்ப் புறத்தில் கரிசல் மண்; பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் வானம்பார்த்த பூமி. கொள்ளிடத்தை அணுக அணுக மண் வண்டலாகி, நெல்லும் கரும்பும் தோன்றும். ஊர்தியிற் செல்வோன் இம்மாற்றத்தைக் கண்ணால் மட்டும் அறிவான். நடப்பவனோ உள்ளங்காலால் அறிவான்.

இறுதி நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அரியலூரினின்று புறப்பட்டோம். வெயிலுக்கு அஞ்சியே அவ்வேளையைத் தெரிந்தனர். முன்னே ஓர் இளைஞன் மரச்சிலுவையைத் தோளில் ஏந்திச் சென்றான். அவனுக்குப் பின் உபதேசியார் செபமாலையைத் தொடங்க, பெண்டிர் இரண்டாம் பகுதியை ஏற்றுச் சொன்னார்கள். ஐம்பத்துமூன்று மணிகளும் முடிவுறும் பொழுது ஏறத்தாழ ஒரு மைல் கடந்துவிடுகிறது. மைற்கல்லைப் பாராமலே, “இன்னும் பத்துச் செபமாலை நடந்தால் பழுவூர்” என்று அவர்கள் தூரத்தை அளப்பதை அங்கேதான் முதன்முதற் கேட்டேன்.

பொழுது புலர்ந்தபோது சாலையோரத்தில் வெட்டுண்ட சுண்ணாம்புக் குழிகள் தென்பட்டன. இந்நிலம் ஒரு காலத்திற் கடலாய் இருந்தது. ஏறத்தாழப் பத்துக்கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உட்புகுந்து, நெடுங்காலம் நின்று, பின்னர்ப் பின்வாங்கியது என்பது நிலநூலார் முடிவு. அக்கடலில் வாழ்ந்த சிப்பியும், கடல் முள்ளெலியும், ஆட்டுக்கொம்புபோற் சுருண்ட ஓடுடைய உயிர்களும் கல்லாகி இம்மண்ணிற் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940-இல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளமுடையது. கடலோரத்தில் நின்ற மரம் கடலுட்புதைந்து கல்லாயிற்று. அரியலூரை அடுத்த வாரணவாசியில் இத்தகைய பொருள்களுக்கென ஓர் அருங்காட்சியகமும் அமைந்துள்ளது.

அக்கடற் சிப்பிகள் ஈந்த சுண்ணாம்பே இன்று சிமெண்டாகிறது. ஆகவே, இம்மாவட்டத்துச் சாலைகளில் இரவும் பகலும் லாரிகள் ஓயாது ஓடுகின்றன. வழிநடையிற் செல்வோர் இதனை மறத்தலாகாது. எங்கள் கூட்டத்தின் முதலிலும் முடிவிலும் செவ்விளக்கு ஏந்திய இருவர் நடந்தனர். எவரும் இருவருக்கு மேல் அணியாய் நடக்கலாகாது என்பதும், வலப்புறமாய், எதிர்வரும் வண்டியைப் பார்த்தே நடத்தல்வேண்டும் என்பதும் உபதேசியாரின் கட்டளை. பக்தி விழிப்பை விலக்குவதன்று.

2. பழுவூரும் கவுந்தியடிகளும்

கீழப்பழுவூரை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கிற்று. பழுவூர் சோழர்க்குத் துணைநின்ற பழுவேட்டரையர் என்னும் சிற்றரசர்களின் பதி. கீழப்பழுவூர்த் திருவாலந்துறைக் கோயில் திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம். தெற்கே கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியும் பாடல் பெற்றதே. எனவே, நாங்கள் நடந்த சாலை எங்களுக்கு முன்பே பல நூற்றாண்டுகளாக வேறு அடியார்கள் நடந்த சாலையாகும். கோயிலருகே தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்த ஒரு குடும்பத்தார் எங்களை நிறுத்தி நீர்மோர் வழங்கினர். அவர்கள் நெற்றியில் திருநீறு. எங்கள் கழுத்தில் செபமாலை. “எந்தச் சாமிக்கு நடந்தாலும் தாகம் ஒண்ணுதானே” என்றார் அவ்வீட்டு அம்மையார். இதனினும் சுருக்கமான சமய விளக்கம் யான் கேட்டதில்லை.

தமிழிலக்கியம் பயில்வார்க்கு வழிநடை என்றதும் நினைவுக்கு வருவது சிலப்பதிகாரத்து நாடுகாண் காதை. கோவலனும் கண்ணகியும் புகாரினின்று மதுரைக்குப் புறப்படுகையில், சமணத் துறவியாகிய கவுந்தியடிகளும் உடன் செல்கின்றார். அவர் வழியின் இயல்பை எடுத்துரைக்கும் இடம் கருதத்தக்கது. சோலைவழியிற் சென்றால் இன்ன தீங்கு. வயல்வழியிற் சென்றால் இன்ன தீங்கு. வரம்பில் நடப்போர் காலடியில் நண்டும் நத்தையும் மிதிபட்டு இறந்தால் அத்துன்பம் பொறுத்தற்கரிது என அவர் எச்சரிக்கின்றார். தமக்கு நேரும் துன்பத்தை மட்டுமன்றித் தம்மால் நேரும் துன்பத்தையும் எண்ணி நடத்தலே நல்வழிநடை என்பது அடிகள் கருத்து. இக்கருத்தை அன்று பிற்பகலில் வேறொரு வகையில் மீண்டும் கற்க நேர்ந்தது. அதனைப் பின்னர் உரைப்பேன்.

3. முனிவரும் ஊரும்

நண்பகலில் ஒரு புளியந்தோப்பில் தங்கினோம். கட்டுச்சோறு உண்டபின், உபதேசியார் என்னை நோக்கி, “நீ தமிழ் படிக்கிற பிள்ளை, வீரமாமுனிவர் சாமியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லு, தம்பி” என்றார். அங்கே கூறியதை ஒழுங்குபடுத்தி ஈண்டுத் தருகின்றேன்.

கொன்ஸ்தாந்து யோசேப்பு பெஸ்கி என்னும் இயற்பெயருடைய முனிவர், இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8-இல் பிறந்தார். 1698-இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1710-இல் கோவாவில் வந்திறங்கி, மதுரை மிஷனைச் சார்ந்து, தமிழ்நாட்டுத் துறவியர்போல் வாழ்ந்து, தமிழ் கற்றார். கற்றது சிறிதோ? 1726-இல் முடிவுற்றதாகக் கூறப்படும் தேம்பாவணி மூன்று காண்டங்களும், முப்பத்தாறு படலங்களும், 3615 செய்யுட்களும் உடையது. ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம், பேச்சுத் தமிழின் இயல்பை ஐரோப்பியர்க்கு விளக்கும் கொடுந்தமிழ் இலக்கணம், அகராதி வகைக்குத் தமிழில் வழிகாட்டியான சதுரகராதி, நகைச்சுவை மிக்க பரமார்த்த குருவின் கதை ஆகியவும் அவர் இயற்றியவையே. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியிற் பெயர்த்தார். 1968-இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்தபொழுது கடற்கரையில் நிறுவப்பெற்ற தமிழறிஞர் சிலைகளுள் அவருடையதும் ஒன்று.

அப்பெருமகனார் நெடுங்காலம் பணிபுரிந்த இடங்களுள் ஏலாக்குறிச்சி தலையாயது. அங்கே தேவமாதாவுக்கு ஆலயம் எழுப்பி, அன்னைக்கு ‘அடைக்கல மாதா’ என்றும், ஊருக்குத் ‘திருக்காவலூர்’ என்றும் பெயர் சூட்டினார். அவ்வன்னையின்மீது பாடியதே திருக்காவலூர்க் கலம்பகம். அன்னை அழுங்கல் அந்தாதி, கித்தேரியம்மாள் அம்மானை முதலிய பிறவும் அவர் இயற்றிய சிறு நூல்களாம். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் அன்னையைப் பெரியநாயகி எனப் போற்றியவரும் இவரே.

கலம்பகம் என்பது தொண்ணூற்றாறு பிரபந்தங்களுள் ஒன்று. புயவகுப்பு, அம்மானை, ஊசல், தூது, குறம், மறம், பாண், களி முதலிய பதினெட்டு உறுப்புக்கள் கலந்து வருதலின் இப்பெயர் பெற்றது. கலம் என்பது பன்னிரண்டு. பகம் அதிற் பாதியாகிய ஆறு. இரண்டுங் கூடிப் பதினெட்டு என்று விளக்குவாரும் உளர். தேவர்க்கு நூறு, முனிவர்க்குத் தொண்ணூற்றைந்து, அரசர்க்குத் தொண்ணூறு எனச் செய்யுட்டொகையும் வரையறுப்பர். இன்று கிடைக்கும் கலம்பகங்களுள் தொன்மையானது ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன்மீது எழுந்த நந்திக் கலம்பகம். அரசனுக்கும் கோயிற்கும் உரியதாய் வழங்கிய அவ்வடிவத்தைக் கொள்ளிடக் கரையிலிருந்த ஒரு சிற்றூர்க்கும் அவ்வூர் அன்னைக்கும் உரியதாக்கினார் முனிவர். பதினெட்டு உறுப்பிற் குறவரும் பாணரும் ஒருங்கே இடம்பெறுவர். இதனைக் கேட்ட ஒரு பெரியவர், “அப்படியானால் நம் கூட்டமும் கலம்பகந்தான்” என்றார். சுற்றிப் பார்த்தேன். உழவர், கொத்தனார், ஆசிரியை ஒருவர், பள்ளிப் பிள்ளைகள், ஒரு தையற்காரர் என அனைவரும் அத்தோப்பில் இருந்தனர். அவர் கூறியது மெய்.

இன்னுமொரு செய்தியையும் கூறினேன். பழைய ஓலைச்சுவடிகளில் எகர ஒகரங்களுக்கு மேற்புள்ளி இட்டுக் குறிலைக் குறித்தல் இலக்கண விதி. ஓலையிற் புள்ளி இட்டால் கிழியும் என எழுதுவோர் அதனை விட்டுவிடவே, குறிலும் நெடிலும் மயங்கின. நெடிலாகிய ஏகாரத்துக்குக் கீழே ஒரு கோடும், ஓகாரத்துக்குச் சுழியும், நெடிற்கொம்புக்கு மேற்சுழியும் அமைத்து இம்மயக்கத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் என்பது வழக்கு. மாலையில் நாங்கள் காணவிருந்த ஊர்ப்பலகையின் முதலெழுத்தே ‘ஏ’ என்பதை எடுத்துக்காட்டியபோது, பள்ளிப் பிள்ளைகள் இருவர் மண்ணில் அவ்வெழுத்தை எழுதிப் பார்த்தனர்.

4. திருமானூரில் எழுந்த சிக்கல்

பிற்பகல் திருமானூரை அணுகுகையில் கூட்டம் இரண்டுபட்டது. காரணம் ஒரு மூதாட்டி. எழுபதைக் கடந்தவர்; அனைவரும் அவரை ஆயா என்றே அழைத்தனர். முதல் நாள் நடையிலேயே அவர் பாதங்களிற் கொப்புளம் கண்டிருந்தது. இரண்டாம் நாள் பிற்பகலில் அவை உடைந்தன. துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கோலை ஊன்றி நடந்தார். நூறடிக்கு ஒருமுறை நின்றார். உபதேசியார் பேருந்தில் ஏற்றிவிடுவதாகக் கூறியும் அவர் இசையவில்லை.

“என் மவன் வளைகுடா நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனான், சாமி. பதினாலு மாசமா ஒரு சேதியும் இல்லே. நான் பஸ்ஸில போய்ச் சேர்ந்தா மாதா கோவிச்சுக்க மாட்டா. எனக்குத் தெரியும். ஆனா அவன் அங்கே எப்படி நடக்கிறானோ, நான் நடக்கணும்” என்றார்.

மறுபுறம், சிலுவை ஏந்திய இளைஞனுக்கும் ஒரு நேர்ச்சை இருந்தது. அவன் தந்தை நெஞ்சுநோயால் மருத்துவமனையிற் கிடந்தார். அச்சிலுவையை மாலைப் பூசை தொடங்குமுன் பீடத்தின் முன் வைப்பதாக அவன் வேண்டிக்கொண்டிருந்தான். மூதாட்டியின் நடைக்கு எல்லாரும் நடந்தால் பூசை தப்பும். அவன் முன்னே சென்றாலோ, கூட்டம் சிலுவையின்றி நடக்கும். பொழுது சாய்ந்தபின் லாரிச் சாலையில் கூட்டம் பிரிவது நன்றன்று என்பதும் வெளிப்படை. “ஒரு ஆளுக்காக நாற்பது பேரும் பூசையைத் தவறவிடணுமா?” என்று சிலர் கேட்டனர். “அந்தப் பிள்ளையின் நேர்ச்சை நேர்ச்சையில்லையா?” என்றனர் வேறு சிலர். இரு திறத்தார் சொல்லிலும் பொருளிருந்தது. ஒரு நேர்ச்சை மற்றொரு நேர்ச்சையின் குறுக்கே நின்றது.

ஆயா அவ்விளைஞனை அழைத்து, “தம்பி, நீ போ. உன் அப்பன் உசிருக்காக நேர்ந்துக்கிட்டது. என்னாலே நிக்க வேணாம்” என்றார். அவன் விடை கூறவில்லை. உபதேசியாரும் கட்டளையிடவில்லை, “உன் மனசுக்குப் பட்டதைச் செய்” என்று மட்டும் சொன்னார். சிறிதுநேரம் சாலையோரத்தில் சிலுவையைத் தாங்கி நின்றவன், கூட்டத்தின் முன்புறத்தை விட்டு, ஆயாவின் அருகே வந்து நின்றான். அதன்பின் சிலுவை எங்களுக்கு முன்னே செல்லவில்லை. கூட்டத்தில் மிகப் பின்தங்கியவரோடு சென்றது. முன்னே நடந்தோர் யாவரும் தாமாகவே நடையைத் தளர்த்தினர்.

5. அடைக்கலம்

திருமானூரினின்று கிழக்கே திரும்பிய சாலையில், வலப்புறம் கொள்ளிடத்தின் மணற்பரப்பு இடையிடையே தோன்றி மறைந்தது. அம்மெல்லிய நடையில் யான் எண்ணிச் சென்றது ‘அடைக்கலம்’ என்னும் ஒரு சொல்லையே.

இச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. புகலிடம் என்பது ஒன்று. காக்குமாறு ஒருவர் கையில் ஒப்புவிக்கப்பட்ட பொருள் அல்லது ஆள் என்பது மற்றொன்று. இரண்டாம் பொருளின் ஆழத்தைக் காட்டுவது சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள், ஆயர்குல முதியவளாகிய மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்புவிக்கின்றார். அடைக்கலங் காத்தலின் பெருமையை எடுத்தும் உரைக்கின்றார். கோவலன் கொலையுண்டு கண்ணகி கலங்கிச் சென்றபின் நிகழ்ந்தது யாது? அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயிற் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். தமிழில் அடைக்கலம் என்பது உதட்டளவில் உரைக்கும் ஆறுதலன்று. ஏற்றவர் உயிரையே பிணையாகக் கேட்கும் சொல்.

முனிவர் தம் அன்னைக்கு இப்பெயரைத் தெரிந்ததன் காரணத்தை அவ்விடத்து வரலாறும் விளக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொள்ளிடத்தின் தென்புறம் தஞ்சை மராத்திய மன்னரின் நாடு. வடபுறம் அரியலூர்ப் பாளையம். தென்கரையிற் கிறிஸ்தவர்க்கு இடுக்கண் நேர்ந்த காலங்களில், ஆற்றைக் கடந்து வடகரைக்கு வந்தால் அரியலூர் மழவராயர்களின் நிழல் இருந்தது. காவலூர் என்பது வெறும் அணிச்சொல் அன்று. ஓடிவந்தோர்க்குக் காவலாய் அமைந்த ஊர் அது. தேம்பாவணியிலும் முனிவர் பாடும் திருக்குடும்பம் ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய குடும்பமே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அயல்நாட்டிற் புகலிடம் தேடிய ஒரு தாயை, ஆறு கடந்து வந்த ஏழைகளுக்குத் தாயாகக் காட்டினார். அடைக்கலம் தேடியவளே அடைக்கலம் அளிப்பவளாயினாள்.

இச்சொல்லைப் பற்றி ஆயாவிடமும் கேட்டேன். “மாதாகிட்ட என்ன கேக்கப் போறே, ஆயா? மவன் வரணும்னா?” என்றேன். அவர் தலையசைத்து, “வந்தா சந்தோசந்தான். ஆனா அதை நான் கேக்கலே. அவன் இருக்கிற எடத்துலே, எந்தச் சாதி எந்த மதமா இருந்தாலும், யாராச்சும் ஒருத்தர் அவனுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுத்து, திண்ணையிலே படுக்க விடணும். அதைத்தான் கேக்கப் போறேன்” என்றார். கவுந்தியடிகள் மாதரியிடம் கேட்டதும் அதுவே. எழுத்தறியா அம்மூதாட்டி அச்சொல்லின் இரு பொருளையும் ஒருங்கே அறிந்திருந்தார்.

6. சேர்ந்த வேளை

ஏலாக்குறிச்சியை நாங்கள் அடைந்தபொழுது இருட்டிவிட்டது. மாலைப் பூசை முடிந்து, மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். கோயில் விளக்குகள் எரிந்தன. இளைஞன் ஒருகையாற் சிலுவையையும் மறுகையால் ஆயாவின் தோளையும் தாங்கியவாறு வாயிலைக் கடந்தான். பீடத்தின் முன் அவன் சிலுவையைச் சார்த்தியபோது, அவன் குறித்திருந்த வேளை கடந்து ஒன்றரை மணி ஆகியிருந்தது. ஆயா முழந்தாளிட முடியாமல் தரையில் அமர்ந்து, கட்டியிருந்த துணியை அவிழ்க்காமலே பாதங்களைக் கையால் மூடிக்கொண்டார். உபதேசியார் செபமாலையின் கடைசிப் பத்தைத் தொடங்கினார். நாற்பது பேரும் ஒரே வேளையில் ஏற்றுச் சொன்னோம்.

இளைஞனின் தந்தை நலம்பெற்றாரா, ஆயாவின் மகனிடமிருந்து சேதி வந்ததா என்று படிப்போர் கேட்கலாம். அவற்றை இக்கட்டுரையிற் சான்றாக வைத்தல் முறையன்று. நேர்ச்சையின் பயனை நிகழ்ச்சியால் அளக்கப் புகுந்தால், அது வணிகமாய் முடியும். வேண்டியது கிட்டினால் மெய், கிட்டாவிடிற் பொய் என்று தீர்ப்பது சந்தைக் கணக்கு. அன்று எவர் கண்ணுக்கும் தெரிந்த பயன் வேறு. தன் தந்தைக்காக ஒரு வேளையைக் காக்க நினைத்தவன், பிறருடைய தாயைக் காத்தான். தூரத்து மகனுக்கு எவரேனும் துணையாக வேண்டுமென வேண்டச் சென்றவர், தமக்கே ஒரு மகன் துணையாவதை வழியிற் கண்டார். அடைக்கலம் கோயிலிற் கிடைக்குமுன்னே சாலையிற் கிடைத்தது.

7. விடை

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பேருந்து கொண்டுசேர்க்கும் இடத்துக்கு நடப்பது ஏன்?

முதலாவது, நடை அறிவைத் தருகின்றது. கல்லாகிய கடலையும், பழுவேட்டரையர் பதியையும், ஆற்றெல்லையையும் ஒரே நாளில் தொடர்புபடுத்திக் காட்டும் நூல் வேறில்லை. திருக்காவலூர்க் கலம்பகத்தை இருக்கையில் அமர்ந்து படித்தவனுக்கு ஊர்ப்பெயர் ஒரு சொல். நடந்து சேர்ந்தவனுக்கு அது ஒரு நிழல்.

இரண்டாவது, நடை சமத்துவத்தைக் கற்பிக்கின்றது. பேருந்தில் முன்னிருக்கை பின்னிருக்கை உண்டு. நடையிலோ கூட்டத்தின் வேகம் மிகத் தளர்ந்தவரின் வேகமே. வல்லவர் மெலிந்தவருக்காகத் தம் காலை அடக்கக் கற்றுக்கொள்ளும் பள்ளி இதனைவிடச் சிறந்தது எது?

மூன்றாவது, நடை வேண்டுதலைத் திருத்துகின்றது. புறப்படும்போது ஒவ்வொருவரும் தத்தம் குறையை மட்டும் சுமந்து வருகின்றனர். வழியில் பிறர் குறை தெரிகின்றது. சேரும்போது அவரவர் வேண்டுதலில் மற்றவரும் இடம்பெற்றுவிடுகின்றனர்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். உடல் நலிந்தோர் ஊர்தியிற் செல்வது எவ்வகையிலும் இழிவன்று. ஆயாவே கூறியதுபோல, அன்னை அதற்குச் சினவாள். நடக்க எண்ணுவோர் விடியற்காலையிலும் மாலையிலும் நடந்து, வெயிலில் தங்குக. பழகிய செருப்பையே அணிக. புதுச் செருப்பு முதல் நாளே புண் செய்யும். நீரும் உப்பும் சுமந்து செல்க. இரவில் விளக்கின்றி நடவாதீர். குப்பையைச் சாலையில் எறியாதீர். வயல்வரம்பில் நண்டுக்கும் நத்தைக்கும் இரங்கிய கவுந்தியடிகள் நடந்த நாடு இது.

நண்பர்காள்! நாம் கற்கும் தமிழ் ஏட்டளவில் நிற்பதன்று. ஆற்றுப்படை என்னும் நூல்வகையை நம் முன்னோர் வகுத்ததன் கருத்து யாது? பயன்பெற்று மீள்பவன், பெறாது எதிர்வருவோனுக்கு வழியின் இயல்பையும், இடைப்படும் ஊர்களையும், அங்கே விருந்தளிப்போரையும் கூறிச் செலுத்துதலே. அம்மரபையொட்டியே இவ்வழியையும் உரைத்தேன். அரியலூரினின்று தெற்கே செல்க. பழுவூரில் மோர் அருந்துக. திருமானூரில் கிழக்கே திரும்புக. உங்களுள் மிக மெல்ல நடப்பவர் எவரோ, அவருடன் நடந்து செல்க.